அந்த வால்வை நான் போடமாட்டேன்

லண்டனில், வால்தம்ஸ்டோவில் ரயில் பாதைக்கு அடியில் வரிசையாக இருக்கும் செங்கல் வளைவுகளில் ஒன்றில், எஞ்சின் திருத்தும் பட்டறையில், நான் பதினான்கு வருடங்களாக வேலை செய்கிறேன். சேர்ந்தபோது என்னை எண்ணெய் பிடித்த பாகங்களைக் கழுவும் தொட்டியடியில் விட்டார்கள். ஏஜென்சி அனுப்பிய ஆள், இரண்டு கிழமைக்கு மட்டும் என்று பேச்சு. அதற்கு முன் பெட்ரோல் ஷெட்டில் காசாளராக இருந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நன்றி சொல்லிச் சொல்லி, என் குரலே எனக்குப் பிடிக்காமல் போயிருந்தது. தொட்டியடியில் யாருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லை. அதனாலேயே அந்த வேலை பிடித்துவிட்டது.

கழுவிய ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பேன். இது ஏன் இந்தப் பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது, இந்த ஓட்டை எங்கே போகிறது என்று முதலாளியிடம் கேட்பேன். அவர் கிழக்கு லண்டனிலேயே பிறந்த வெள்ளைக்காரர், அதிகம் பேசாதவர். முதலில் சலித்துக்கொண்டார். பிறகு பதில் சொன்னார். நான் மாலைக் கல்லூரியில் இரண்டு குளிர்காலம் படித்துவிட்டு வந்து அளக்கும் கருவிகளைக் கையில் எடுத்தபோது தடுக்கவில்லை. அவர் அளந்ததை நான் திரும்ப அளந்து இரண்டு தடவை பிழை கண்டுபிடித்தேன். மூன்றாம் தடவை அளப்பதற்கு அவரே என்னைக் கூப்பிட்டார். இப்போது சிலிண்டர் கடைவதும் வால்வு வேலையும் என் பொறுப்பு.

எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் ஒரு கறுப்பு மிச்சம் இருக்கும். கோயிலில் ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏன் பிள்ளை, வேற வேலை ஒண்டும் கிடைக்கேல்லையோ?” என்று கேட்டார்.

“கிடைச்சது, விட்டிட்டன்” என்றேன்.

நான் சொல்ல வந்தது, போன வருடம் வசந்த காலத்தில் லண்டனின் தெற்கே சட்டனிலிருந்து வந்த ஒருவரைப் பற்றி. எங்கள் ஆள். மூன்று கடைகளுக்கு முதலாளி, கோயில் நிர்வாக சபையிலும் இருப்பவர். தூரத்தில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. ஒரு காலைப்பொழுது வேன் ஒன்றில் எஞ்சினையும் இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். நான் கடைசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன்.

“தங்கச்சி, முதலாளி நிக்கிறாரோ?”

“வெளியில போயிட்டார். என்ன விஷயம், சொல்லுங்கோ.”

“இல்லை, இது எஞ்சின் விஷயம். அவர் வரட்டும்.”

“எஞ்சின் விஷயம் எண்டால் என்னட்டத்தான் அண்ணை சொல்லவேணும்.”

அவர் என் மேலங்கியைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று பார்த்தார். ஒருவரும் வரவில்லை. வேறு வழியில்லாமல் சொன்னார். பழைய அமெரிக்கக் கார் ஒன்று வாங்கியிருக்கிறார். அதன் எட்டு சிலிண்டர் எஞ்சினைப் புதிதாகக் கட்ட வேண்டும். பெட்டிகளில் இருப்பது அமெரிக்காவிலிருந்து வரவழைத்த இரண்டு புதிய சிலிண்டர் ஹெட்டுகள். சிலிண்டர்களின் மேல் மூடியாக உட்கார்ந்து, வால்வுகளைத் தாங்குகிற பாகம் அது.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். அழகான வேலை, மறுக்க மாட்டேன். புது அலுமினியம் நிலா மாதிரி இருந்தது. காற்றை உள்ளே விடும் வால்வு ஒவ்வொன்றும் இரண்டு அங்குலத்தைத் தாண்டிய அகலம். பிறகு எஞ்சினிடம் போய் சிலிண்டரின் உள்விட்டத்தை அளந்தேன். பட்டறையில் அதை ஆங்கிலத்தில் ‘போர்’ என்பார்கள். வந்த புதிதில் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு வேறொன்றுதான் நினைவுக்கு வரும். நாளுக்கு நாற்பது தடவை கேட்டுக் கேட்டு அது பழகிப்போனது.

நினைத்தது சரி. அவருடைய எஞ்சின், அந்தக் குடும்பத்திலேயே ஒடுங்கிய சிலிண்டர் கொண்டது. ‘ஸ்மால் பிளாக்’ என்று சொல்லப்படும் இந்த எஞ்சின்களில் ஒரு சிக்கல் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். போல்ட் ஓட்டைகள்கூட ஒரே இடத்தில்தான் இருக்கும். ஆனால் உள்ளே சிலிண்டரின் அகலம் ஒன்றுக்கொன்று வேறு. அகலமான சிலிண்டருக்குச் செய்த ஹெட்டை ஒடுங்கிய எஞ்சினிலும் எந்தத் தடையும் இல்லாமல் பூட்டிவிடலாம். பூட்ட முடிவதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

“அண்ணை, இது நல்ல சாமான். ஆனா உங்கட எஞ்சினுக்கு இல்லை.”

“ஏன், போல்ட் எல்லாம் பொருந்துதே?”

“போல்ட் பொருந்தும். வால்வு பொருந்தாது. வால்வு திறக்கேக்க ஒரு தட்டு மாதிரிக் கீழ இறங்கும். அந்தத் தட்டைச் சுத்தி நாலு பக்கத்தாலயும் காத்து உள்ள போகவேணும். உங்கட சிலிண்டர் ஒடுக்கம். தட்டின்ர ஒரு பக்கம் சுவரோட ஒட்டிக்கொண்டு நிக்கும். அந்தப் பக்கத்தால காத்துப் போகாது.”

“பெரிய வால்வு எண்டால் கூடக் காத்து. கூடக் காத்து எண்டால் கூடப் பவர். இது பெரிய சயன்ஸோ, பிள்ளை?”

“வீட்டில ஒரு கட்டில் மட்டும் போடுற சின்னப் பொக்ஸ் ரூம் இருக்கெல்லோ? அதுக்குப் பெரிய கதவாப் போட்டு, கதவு கட்டிலில முட்டிக்கொண்டு பாதியில நிண்டால், ஆள் எப்பிடி உள்ள போறது?”

அவர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அந்த ஹெட்டுக்குள் எவ்வளவு காற்றுப் போகும் என்று செய்த கம்பனி அளந்து கொடுத்த அட்டவணை. எண்கள் பெரிதாகத்தான் இருந்தன. அடியில் சின்ன எழுத்தில், எந்த அகலமான குழாயில் வைத்து அளந்தார்கள் என்றும் போட்டிருந்தது. அது அகலமான சிலிண்டரின் அளவு. அந்த வரியின் கீழ் விரலை வைத்துக் காட்டினேன். அவர் தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டு, “முதலாளி வரட்டும்” என்றார்.

எங்கள் ஆட்களுக்குப் பெரியது என்றால் நல்லது. பிறந்தநாளுக்கு எடுக்கும் மண்டபம், வீட்டுக்குப் பின்னால் நீட்டும் கட்டடம், சாமத்தியவீட்டில் பூப்படைந்த பெண் வந்து இறங்கும் வாகனம், எல்லாம். நானும் அப்படி ஒரு மண்டபத்தில்தான் தாலி கட்டிக்கொண்டேன். பாதிக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. ஆகவே அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் சிலிண்டருக்குச் சபை மரியாதை தெரியாது. அதற்கு எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு காற்றைத்தான் எடுக்கும்.

முதலாளி வந்ததும் இருவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். “உங்கள் ஆள் பயப்படுகிறார் போலிருக்கிறது” என்று சட்டன்காரர் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்குக் கேட்க வேண்டுமென்றே சொன்னதுதான். அவர் போன பிறகு முதலாளி என்னிடம் வந்தார்.

“நீ சொல்வது சரி என்று எனக்கும் தெரியும். ஆனால் கார் அவருடையது. கேட்டதைச் செய்து கொடுத்துவிடு.”

“சுவர் தடுக்கும் இடத்தை என்ன செய்வது?”

“சிலிண்டரின் மேல் விளிம்பில் கொஞ்சம் வெட்டிவிடு.”

“எவ்வளவு வெட்டலாம்? பிஸ்டனின் முதல் வளையம் எங்கே வந்து நிற்கிறது என்று அளந்தேன். அதற்குக் கீழே வெட்டினால் அழுத்தம் ஒழுகும். அதற்கு மேலே வெட்டினால் போதாது.”

“சிலிண்டரையே அகலமாகக் கடைந்தால்?”

“சுவரின் தடிப்பையும் பார்த்துவிட்டேன். ஏழாவது சிலிண்டரில் ஒரு பக்கம் மெல்லியது. தேவையான அளவுக்குக் கடைந்தால் சுவர் ஓட்டையாகி, அதைச் சுற்றி ஓடும் குளிர்த்தண்ணீர் உள்ளே வரும்.”

முதலாளி தாடையைத் தடவினார். எங்கள் பட்டறையில், ஒரு ஹெட்டில் யார் வேலை செய்தார்களோ அவர் தன் பெயரின் முதலெழுத்தை அதன் ஓரத்தில் குத்திவிட வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. நாளைக்கு ஏதும் பிழைத்தால் யாரைக் கேட்பது என்பதற்காக. நான் அந்த எழுத்து அச்சை எடுத்து அவர் முன்னால் மேசையில் வைத்தேன்.

“அந்த வால்வை நான் போடமாட்டேன். என் எழுத்து அதில் ஏறாது. நீங்கள் செய்வதென்றால் உங்கள் எழுத்தைக் குத்துங்கள்.”

அவருக்குக் கோபம் வந்தது. பதினான்கு வருடத்தில் இரண்டு தடவைதான் அவர் கழுத்துச் சிவந்து பார்த்திருக்கிறேன், அது ஒன்று. ஆனால் அவர் தன் எழுத்தைக் குத்தப் போகவில்லை. “ஒரு கிழமை தருகிறேன். எனக்குச் சொல்லாதே, அந்த மனிதருக்குக் காட்டு” என்றார்.

அடுத்த நாள் நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது கணவர் சமையலறையில் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் பஸ் ஓட்டுகிறார். அன்று காலை ஷிப்ட். திரும்பிப் பார்க்காமலே, “சட்டன் அண்ணை கோயில்ல நம்பர் வாங்கிப் போன் எடுத்தவர்” என்றார்.

“என்னவாம்?”

“உம்மட மனிசிக்குக் கொஞ்சம் சொல்லும் எண்டார். ஏனப்பா உமக்கு இந்த வம்பு? அவர் கேட்டதைச் செய்து குடுத்தால் என்ன? பிறகு கோயில்ல முகம் பாக்கவேணுமெல்லோ.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“சொல்லிப் பாக்கிறன் எண்டனான்.”

எனக்குக் கணவர்மேல்தான் அதிகம் கோபம் வந்தது. “உங்கட பஸ்ஸில பிரேக் சரியில்லை எண்டு உங்களுக்குத் தெரியும். ஆனா முன் சீட்டில இருக்கிறவர் கோயில் ட்ரஸ்டி. ஓட்டுங்கோ எண்டு சொல்லுறார். ஓட்டுவியளோ?”

“அது வேற, இது வேற. இதில ஆரும் சாகப் போறேல்லை.”

“சாகப் போறேல்லைத்தான். ஆனா பிழை எண்டு தெரிஞ்சுகொண்டு என்னால செய்ய ஏலாது.”

அவர் குக்கரை மூடினார். அவரும் மாறவில்லை, நானும் மாறவில்லை.

எங்கள் பட்டறையில் காற்றோட்டம் அளக்கும் மேசை ஒன்று இருக்கிறது. பெரிய வாக்குவம் கிளீனர் ஒன்றை மேசைக்குள் ஒளித்து வைத்தது போன்ற சாதனம். மேலே சிலிண்டருக்குப் பதிலாக ஒரு குழாய் நிற்கும். அதன்மேல் ஹெட்டை வைத்து, வால்வைத் திருகாணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொரு ஆழத்திலும் எவ்வளவு காற்று இழுபடுகிறது என்று பார்க்கலாம். நாங்கள் வைத்திருந்த குழாயும் அகலமான சிலிண்டரின் அளவுதான். அதில் அளந்தால் அவர் தாளில் இருந்த பொய்தான் திரும்ப வரும். ஆகவே சாப்பாட்டு நேரங்களில் ஒரு தடித்த அலுமினியக் குழாயை எடுத்து, அவருடைய எஞ்சினின் உள்விட்டத்துக்கு அச்சொட்டாகக் கடைந்தேன். நான்கு நாள் எடுத்தது. சாண்ட்விச்சைக் கடைசல் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டேன்.

அவருடைய எஞ்சினோடு வந்த பழைய ஹெட்டுகள் ஒரு மூலையில் கிடந்தன. துருப்பிடித்த வார்ப்பிரும்பு. இரும்புக்கடைக்குப் போடச் சொல்லியிருந்தார். அதில் ஒரு சிலிண்டருக்கு உரிய வால்வை மட்டும் கழற்றினேன். சிலிண்டரின் அகலத்தில் பாதி அளவுக்கு, முன்பு இருந்ததைவிடச் சற்றே பெரிய வால்வு ஒன்று பட்டறை அலமாரியில் கிடந்தது. அதற்கு ஏற்ப, வால்வு மூடும்போது உட்காரும் இருக்கையை வெட்டி, ஓரங்களைச் சுத்தம் செய்து பொருத்தினேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். சுவர் தடுக்கும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு தடுக்கும் என்று தெரியாது. இரண்டு ஹெட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டிவிட்டால் அவர் சிரித்துவிட்டுப் போவார், நான் எழுத்து அச்சைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். நானே முதலில் தனியாக அளந்து பார்த்திருக்கலாம். வேண்டுமென்றே பார்க்கவில்லை. தெரிந்துகொண்டு நாடகம் ஆடுகிறேன் என்று அவர் சொல்லிவிடக் கூடாது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். முதலாளி தேநீர்க் கோப்பையோடு கதவடியில் சாய்ந்து நின்றார். முதலில் பழைய அகலக் குழாயில் புதிய ஹெட்டை வைத்தேன். எண்கள் அவர் தாளோடு ஒத்துப்போயின.

“பாத்தீரோ?” என்றார் அவர்.

அதே குழாயில் பழைய ஹெட்டை வைத்தேன். குறைவாகத்தான் காட்டியது. அவர் சிரிப்பு இன்னும் விரிந்தது. முதலாளி தேநீரைக் குடிக்காமல் என்னைப் பார்த்தார்.

“இது உங்கட தாள்” என்றேன். “இனி உங்கட எஞ்சின்.”

அகலக் குழாயைக் கழற்றி நான் கடைந்ததைப் பூட்டினேன். எஞ்சின் சிலிண்டர் ஒன்றையும் இந்தக் குழாயையும் அவரையே அளக்கச் சொன்னேன். கருவியைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு தடவை நழுவவிட்டார், பிறகு அளந்தார். இரண்டும் ஒன்றுதான். புதிய ஹெட்டை மேலே வைத்து வால்வைத் திறக்கத் தொடங்கினேன். ஆரம்பத்தில் நன்றாகவே ஏறியது. பாதி ஆழத்துக்குப் பிறகு எண் அசையவில்லை. இன்னும் திறந்தேன், மேசைக்குள் காற்று விசிலடிப்பது போலக் கூச்சலிட்டது, எண் கீழே இறங்கியது. திறக்கத் திறக்கக் குறைகிறது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. எண்ணை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டேன்.

பிறகு துருப்பிடித்த பழைய ஹெட். அது அவசரப்படாமல் ஏறியது. பாதி ஆழத்தில் புதியதை எட்டிப் பிடித்தது. அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போய், முடிவில் நன்றாகவே மேலே நின்றது.

“திரும்பச் செய்யும்” என்றார்.

திரும்பச் செய்தேன். மூன்றாம் தடவை திருகாணியை அவர் கையில் கொடுத்தேன். அவரே திருப்பினார். அதே எண்தான் வந்தது. அதற்குப் பிறகு புதிய ஹெட்டை வெறும் எஞ்சினில் நான்கு போல்ட்டில் பூட்டி, கீழே விளக்கைப் பிடித்து அவரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். மேலிருந்து வால்வை, மேசையில் திறந்ததைவிட இன்னும் ஆழமாக, மெதுவாக அழுத்தினேன். டிக் என்று ஒரு சத்தம். வால்வின் விளிம்பு சுவரில் பட்டது.

அவர் நிமிர்ந்தார். முழங்கால் தூசியைத் தட்டினார். முதலாளியின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், “சரி, பழையதையே போடுங்கள்” என்றார்.

“அண்ணை” என்றேன். “அதை என்னட்டச் சொல்லுங்கோ.”

தலைக்கு மேலே ரயில் ஒன்று போனது. வளைவுக்குள் அப்போது யாரும் பேச முடியாது. அது போய் முடியும்வரை மூன்று பேரும் சும்மா நின்றோம். நான் இடத்தை விட்டு அசையவில்லை.

“பழசையே போடும்” என்றார் தமிழில், என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்து.

“ஓம், போடுறன்.”

மூன்று கிழமையில் அந்த எஞ்சினைக் கட்டி முடித்தேன். முதல் தடவை இயக்கியபோது ஒரே சீராகப் பிடித்துக்கொண்டது. மேசையில் கிடந்த அச்சை எடுத்து, இரண்டு ஹெட்டிலும் என் எழுத்தைக் குத்தினேன். முதலாளி, “கொஞ்சம் ஆழமாகக் குத்தியிருக்கிறாய்” என்றார்.

கோடையில் கோயில் திருவிழா வந்தது. தேர் நாளன்று கார் நிறுத்தும் இடத்தில் அந்த அமெரிக்கக் கார் நின்றது. முன்மூடி திறந்திருந்தது. எட்டுப் பத்துப் பேர் வேட்டியோடு சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். நானும் கணவரும் அர்ச்சனைத் தட்டோடு அந்த வழியால் நடந்து போனோம். சட்டன் அண்ணையின் குரல் தெளிவாகக் கேட்டது.

“எல்லாரும் பெரிய வால்வு போடச் சொல்லிச் சொன்னவை. நான்தான் கணக்குப் பாத்து, இந்த சிலிண்டருக்குச் சின்னன் போதும் எண்டு முடிவெடுத்தனான்.”

கணவரின் விரல்கள் என் முழங்கையைத் தொட்டன. வா, போகலாம் என்று அர்த்தம். நான் அர்ச்சனைத் தட்டை அவரிடம் கொடுத்தேன்.

“இல்லை அண்ணை” என்றேன். சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். பட்டுச்சேலை, தலையில் பூ, நகக்கண்ணில் கறுப்பு. “நீங்கள் பெரிய வால்வுதான் வேணும் எண்டு நிண்டனீங்கள். நான்தான் போடமாட்டன் எண்டனான். இந்த எஞ்சினைக் கட்டினது நான்.”

ஒருவர் சிரித்தார். இன்னொருவர், “மெய்யோ அண்ணை?” என்று கேட்டார். அவர் முன்மூடியைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. மறுத்திருக்கலாம், அத்தனை பேரும் அவருடைய ஆட்கள். ஆனால் எஞ்சினுக்குள் குனிந்து ஏதோ துடைப்பது போலச் செய்துவிட்டு, “ஓம், இவதான் கட்டினவ” என்றார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது, நார்த் சர்க்குலர் சாலையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் கணவர் வாயைத் திறந்தார்.

“அவ்வளவு ஆக்களுக்கு முன்னால சொல்லத்தான் வேணுமோ?”

“அவ்வளவு ஆக்களுக்கு முன்னாலதானே அவர் பொய் சொன்னவர்.”

“இனி அவர் எங்களோட கதைக்க மாட்டார்.”

“கதைக்காட்டிப் போகட்டும்.”

அவர் கியரை மாற்றினார். கொஞ்சத் தூரம் போன பிறகு, “மெய்யாவே முட்டினதோ, அந்த வால்வு?” என்று கேட்டார். திருமணம் ஆகி இருபத்திரண்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.

கணவர் சொன்னபடியே நடந்தது. சட்டன் அண்ணை அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. கோயிலில் எதிரே வந்தால் விபூதித் தட்டைப் பார்த்துக்கொண்டு விலகிப் போவார். அவர் மனைவியும் அப்படித்தான். போன மாதம் பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் மெல்லத் திரும்பி, “நீங்கள் கொஞ்சம் தணிஞ்சு போயிருக்கலாம் அக்கா” என்று சொன்னார்.

“தணிஞ்சு போயிருந்தால் அந்தக் கார் இண்டைக்கு ஓடாது” என்று சொல்லிவிட்டு, என் முறை வந்ததும் கையை நீட்டினேன்.